கறுப்புத் தாளுக்கு அடியில் மஞ்சள்: ஒரு பேக்-மேன் பெட்டியை அசலுக்குத் திருப்பும் வழி

என்னிடம் வந்து சேர்ந்த நாளில் அந்தப் பெட்டியைப் பார்த்து, அது காசு போட்டு ஆடும் பேக்-மேன் ஆர்கேட் வீடியோ விளையாட்டுப் பெட்டி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரு பக்கமும் கறுப்புத் தாள். முன்னால் இரண்டு ஜாய்ஸ்டிக், பன்னிரண்டு பொத்தான். உள்ளே தட்டையான கணினித் திரை ஒன்றும், அறுபது விளையாட்டுகள் அடங்கிய உள்ளங்கை அகலப் போர்டு ஒன்றும். "எல்லா விளையாட்டும் இதிலேயே இருக்கிறது" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். நான் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். ஓரத்தில் ஒரு சிறிய தகடு. அமெரிக்காவில் பேக்-மேன் பெட்டிகளைச் செய்து விற்ற மிட்வே நிறுவனத்தின் பெயர், கூடவே வரிசை எண். அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் டிவி பழுது பார்த்தவன் நான். பிக்சர் டியூப் காலம் முடிந்ததும் கடையையும் மூடிவிட்டேன். ஆகவே இதில் மின்சார வேலைகள் நீளமாகவும், மர வேலை கொஞ்சம் தயங்கித் தயங்கியும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தச்சர்கள் என் பட்டிப் பூச்சைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

ஆர்கேட் பெட்டியை மீட்க நினைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, வாங்கிய அன்றே திருப்புளியோடு இறங்குவது. ஒரு வாரம் எதையும் கழற்றாதீர்கள். பாருங்கள், படமெடுங்கள், எழுதிவையுங்கள். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. கழற்றிய மறுநிமிடமே அந்த எழுத்து அழிந்துவிடும்.

ஏறிய வரிசையைப் படிப்பது

இந்தப் பெட்டிகளை மாற்றியவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. விளையாட்டு நிலையம் நடத்துபவருக்குப் பெட்டி ஒரு முதலீடு. காசு விழுவது குறைந்தால் பெட்டியை வைத்துக்கொண்டு விளையாட்டை மாற்றுவார். தயாரிப்பாளர்களே அப்படித்தான் செய்தார்கள். நின்டெண்டோவின் ரேடார் ஸ்கோப் அமெரிக்காவில் விற்காமல் தேங்கியபோது, அந்தப் பெட்டிகளையே மாற்றித்தான் 1981-இல் டாங்கி காங் வந்தது. மிஸ் பேக்-மேன் கூடப் பிறந்தது ஓர் ஒட்டுப் போர்டாகத்தான். ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின் இளைஞர்கள் பேக்-மேன் போர்டில் செருகுவதற்காகச் செய்ததை மிட்வே வாங்கி 1982-இல் வெளியிட்டது.

என் பெட்டியில் நான்கு அடுக்குகள் இருந்தன. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் பெட்டியிலும் தேட வேண்டிய இடங்கள் ஏறக்குறைய இவையே.

கடைசி அடுக்கு வெளிப்படை: தட்டைத் திரையும் அறுபது விளையாட்டுப் போர்டும். அதற்கு முந்தையது ஒரு சண்டை விளையாட்டு. அடையாளம் இரண்டு. முதலாவது, போர்டைச் செருகியிருந்த நீண்ட கனெக்டர். பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள் இருந்தால் அது ஜாமா. 1985-இல் ஜப்பானிய நிறுவனங்கள் கூடி வகுத்த பொது இணைப்பு முறை அது. அதற்கு முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென்று ஒரு வயரிங் வைத்திருந்தார். 1980-இல் பிறந்த பெட்டியில் ஜாமா இருந்தால் யாரோ பழைய வயர்களை வெட்டியிருக்கிறார் என்று பொருள். இரண்டாவது, ஜாமாவில் சேராமல் தனியாகத் தொங்கிய ஒரு சிறிய கனெக்டர். ஜாமாவில் ஓர் ஆட்டக்காரருக்கு மூன்று பொத்தான்கள்தான் வழக்கம். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது ஆறு பொத்தான் தேவைப்பட்டது. உதைப் பொத்தான்கள் மூன்றுக்கும் தனி வயர் இழுத்தார்கள். அந்தத் தனி வயர்தான் தொங்கியது.

அதே காலத்தில் மானிட்டரையும் படுக்கவைத்திருக்கிறார்கள். பேக்-மேன் திரை நெட்டுவாக்கில் நிற்பது. அகலம் 224 புள்ளி, உயரம் 288. சண்டை விளையாட்டுக்குக் குறுக்குவாக்கில் வேண்டும். பக்கச் சட்டங்களில் பயன்படாமல் நின்ற பழைய திருகுத் துளைகள் அதைச் சொல்லின. அந்தத் துளைகளை அடைத்துவிடாதீர்கள், பிறகு வேண்டும்.

மிஸ் பேக்-மேன் அடுக்கைக் கடைசியில்தான் கண்டேன். பெட்டியின் அடிமூலையில் கிழிந்த துணியில் சுற்றி ஒரு போர்டு கிடந்தது. பழைய போர்டை எறிய மனமில்லாமல் பெட்டிக்குள்ளேயே போட்டு வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். பேக்-மேனின் போர்டுதான், ஆனால் மூளையாகிய இசட்-80 சிப் இருக்க வேண்டிய சாக்கெட்டிலிருந்து ஒரு தட்டை நாடா வயர் கிளம்பி வேறொரு சிறு போர்டுக்குப் போனது. அது மிஸ் பேக்-மேனின் ஒட்டு.

இப்போது கேள்வி: எது அசல்? 1980-ஆ, 1982-ஆ? மிஸ் பேக்-மேனாக மாற்றியதும் அந்தக் காலத்திலேயே நடந்த, முறையான மாற்றம். அதில் நிறுத்துவேன் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். வரிசை எண் தகடும் உடம்பின் வண்ணமும் 1980-ஐச் சொன்னதால் நான் அங்கே போனேன். இதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மனம் மாறினால் இரண்டு முறை வயரிங் செய்ய வேண்டியிருக்கும்.

கழற்றுவது

கடைசியாக ஏறியதை முதலில் இறக்குங்கள். ஒவ்வொரு வயரையும் எடுக்கும் முன் மாஸ்கிங் டேப் எனும் காகித ஒட்டு நாடாவில் எண் எழுதிச் சுற்றுங்கள். அதே எண்ணை நோட்டில் எழுதி, எங்கிருந்து எங்கே போகிறது, என்ன நிறம் என்று குறியுங்கள். திருகுகளை இடவாரியாகச் சிறு பைகளில் போடுங்கள். "திருகுகள்" என்று மட்டும் எழுதிய பை எதற்கும் உதவாது. "காசுக் கதவு, இடப்பக்க மேல் கீல், 3" என்று எழுதிய பைதான் உதவும்.

அசல் வயர்க்கட்டில் வெட்டுப்பட்ட முனைகள் தெரிந்தால் மேற்கொண்டு வெட்டாதீர்கள். அரை விரல் நீளம் மிச்சமிருந்தாலும் அதன் நிறம் வேண்டும். அந்த விளையாட்டின் கையேட்டில் உள்ள வயரிங் படத்தோடு நிறத்தை ஒப்பிட்டால் எந்த முனை எங்கே போயிருந்தது என்று திரும்பக் கட்டிவிடலாம். எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

கழற்றிய புதுச் சாமான்களை எறியாதீர்கள். அறுபது விளையாட்டுப் போர்டையும் அதன் மின்வழங்கியையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது பயன்படும், சோதனைக்கு எனக்கே ஒரு முறை பயன்பட்டது.

உயிர் இருக்கிற பகுதி

பிக்சர் டியூப் வேலையில் கை பழகாதவர் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதில் வெட்கமில்லை. பத்தொன்பது அங்குல வண்ண டியூபின் ஆனோடில், அதாவது ரப்பர் தொப்பிக்கு அடியிலுள்ள உலோக முனையில், சுமார் 20,000 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

இறக்கும் முறை இது. மின்சாரத்தைத் துண்டித்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்து, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நல்ல பிளாஸ்டிக் பிடி உள்ள, நீண்ட தட்டைத் திருப்புளி ஒன்று. இரு முனையிலும் கிளிப் உள்ள வயர் ஒன்று. ஒரு கிளிப்பை டியூபின் முதுகில் கறுப்புப் பூச்சை ஒட்டி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். மற்றதைத் திருப்புளியின் இரும்பில். போர்டிலுள்ள ஏதோ ஓர் எர்த் புள்ளியில் மாட்டினால் போதும் என்று நினைத்துப் போர்டையே எரித்தவர்களை எனக்குத் தெரியும். இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வலக்கையால் திருப்புளியின் நுனியை ரப்பர் தொப்பிக்கு அடியில் மெதுவாக நுழையுங்கள். உள்ளே உலோகத்தைத் தொட்டதும் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. டியூபின் கண்ணாடியே மின்னூட்டத்தைக் கொஞ்சம் ஒளித்து வைத்துத் திரும்பத் தரும்; இரண்டாவது முறை சத்தம் வந்தால் வியக்காதீர்கள். டியூபைத் தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

என் பெட்டியில் அசல் மானிட்டர் போய்விட்டிருந்தது. இருந்திருந்தால் டியூபின் முகத்தில் பேக்-மேனின் புதிர்ப்பாதை சாம்பல் கோடுகளாகச் சுட்டுப் பதிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே படத்தைக் காட்டிய டியூப்கள் அப்படித்தான் ஆகும். அந்தக் காலத்து மிட்வே பெட்டிகளில் வெல்ஸ்-கார்ட்னர் 4600, எலக்ட்ரோஹோம் ஜி07 என்ற இரண்டு மானிட்டர்களையும் பார்க்கலாம். எனக்கு டியூப் உடைந்த ஒரு 4600 சட்டத்தோடு கிடைத்தது. டியூபைப் பத்தொன்பது அங்குல டிவி ஒன்றிலிருந்து எடுத்தேன். இப்படி மாற்றும்போது பார்க்க வேண்டியவை: கழுத்திலுள்ள பின்களின் அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும், ஹீட்டர் வோல்ட்டேஜ் ஒத்துப்போக வேண்டும், டியூபோடு வந்த யோக்கை (கழுத்தைச் சுற்றியுள்ள சுருள்கட்டை) அப்படியே விட்டு, அதன் சுருள்களின் அளவு பழைய யோக்குக்கு அருகில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். யோக்கை அசைத்தால் மூன்று நிறங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும் வேலை தலையில் விழும். அந்த வேலையை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன்.

மானிட்டர் போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நாற்பது ஆண்டுகளில் உள்ளே உலர்ந்துபோயிருக்கும். படம் அலை அலையாக ஆடுவது, மேல் விளிம்பு மடிவது, பக்கங்கள் சுருங்குவது எல்லாம் பெரும்பாலும் இவற்றின் வேலை. மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதேயோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். கடையில் உதவிக்கு இருந்த பையனுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. போர்டைக் கையில் எடுத்ததோடு, கனெக்டர் பின்களைச் சுற்றி ஈயத்தில் வளையமாக வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் ஈயத்தை உருக்கிப் புதிதாக வையுங்கள். பழுதான மானிட்டர் என்று என்னிடம் வந்தவற்றில் பல அந்த வெடிப்பைச் சரிசெய்ததும் ஓடியவைதான்.

அடுத்தது, யாரும் சரியாகக் கவனிக்காதது. 4600, ஜி07 இரண்டுமே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் மின்சாரம் வாங்க வேண்டும். நேராகச் சுவர் மின்சாரத்தில் கொடுத்தால் மானிட்டரின் இரும்புச் சட்டமே உயிரோடு, அதாவது தொட்டால் ஷாக் அடிக்கும்படி, இருக்கும். மாற்றியவர்கள் தட்டைத் திரை போட்டபோது இந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி எறிந்திருந்தால், முதலில் அதை வாங்குங்கள், பிறகு மானிட்டரைப் பற்றி யோசியுங்கள். இந்த மானிட்டர்களுக்கு வேண்டியது 120 வோல்ட் அளவு. சுவரில் 230 வருகிற இடமானால் இறக்கித் தருகிற, அதே சமயம் தனிமைப்படுத்துகிற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இறக்குவதை மட்டும் செய்கிற மலிவு வகை போதாது. என் பெட்டியில் அசல் டிரான்ஸ்ஃபார்மர் அடியிலேயே போல்ட் போட்டபடி இருந்தது, வயர்களைத்தான் வெட்டியிருந்தார்கள். பக்கத்திலிருந்த ஃபியூஸ் ஒன்றைச் சுற்றி யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை அழகாகச் சுற்றியிருந்தார். அந்தக் கைகாரர் இன்றும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சரியான அளவு ஃபியூஸைப் போட்டேன்.

எர்த் வயரையும் தொடர்ந்துபோய்ப் பாருங்கள். காசுக் கதவு, கட்டுப்பாட்டுத் தகடு, மானிட்டர் சட்டம், டிரான்ஸ்ஃபார்மர் அடித்தகடு எல்லாம் பிளக்கின் எர்த் முனையோடு சேர்ந்திருக்க வேண்டும். மீட்டரில் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். விளையாடுகிறவர் கை வைப்பது அந்தத் தகட்டின் மேல்தான்.

போர்டு

பேக்-மேன் போர்டுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. இன்றைய போர்டுகளைப் போல 5 வோல்ட் டிசியை வெளியிலிருந்து வாங்குவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குறைந்த வோல்ட் ஏசியை வாங்கித் தானே டிசி ஆக்கிக்கொள்ளும். அத்தனை மின்னோட்டமும் 44 முனைக் கனெக்டரின் ஒரு சில முனைகள் வழியே போவதால் அவை சூடேறிக் கருகும். நான் பார்த்த பேக்-மேன் போர்டுகளில் ஓரம் கருகாதது ஒன்றுகூட இல்லை. லேசான கறையானால் பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். பெட்டிப் பக்கமுள்ள கனெக்டரைப் பழுது பார்க்கும் ஆசையே வேண்டாம், புதியது போடுங்கள். வெந்துபோன ஸ்பிரிங் முனை திரும்ப இறுகாது, அடுத்த போர்டு ஓரத்தையும் அது கருக்கும்.

மாற்றியவர்கள் விட்டுப்போன மின்வழங்கி 5 வோல்ட் டிசி தருகிறதே, அதையே கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். போர்டில் மாற்றம் செய்யாமல் கொடுக்கக் கூடாது. மாற்றம் செய்து கொடுப்பவர்கள் உண்டு, போர்டுக்கு அது நல்லதும்கூட. ஆனால் அசலுக்குத் திரும்புகிறேன் என்று கிளம்பியவன் நான். டிரான்ஸ்ஃபார்மர் வழியையே வைத்துக்கொண்டேன்.

மிஸ் பேக்-மேன் ஒட்டை எடுப்பது எளிது: நாடாவை உருவி, இசட்-80-ஐப் பழைய சாக்கெட்டில் உட்கார வைத்தால் பேக்-மேன் நிரல் ஓடும். ஆனால் அந்த ஒட்டோடு 5இ, 5எஃப் என்று குறியிட்ட இரண்டு படச் சிப்களும் மாறியிருக்கும். அவற்றையும் திருப்பாவிட்டால் நிரல் பேக்-மேனுடையது, உருவங்கள் மிஸ் பேக்-மேனுடையவை என்று ஒரு கலப்படம் திரையில் உலாவும். சிப்களைச் சாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சங்கொஞ்சமாக நெம்புங்கள். கால்கள் கறுத்திருந்தால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். செத்துப்போனதாகச் சொல்லி வருகிற போர்டுகள் பலவற்றுக்கு இந்த எடுத்து வைப்பதே மருந்து.

கட்டுப்பாட்டுத் தகடு

அசல் பேக்-மேனில் நடுவே ஒரு சிவப்புக் குமிழ் ஜாய்ஸ்டிக், ஆட்டத்தைத் தொடங்க இரண்டு பொத்தான், அவ்வளவுதான். சுடும் பொத்தானே கிடையாது. என் தகட்டிலோ பன்னிரண்டு கூடுதல் துளைகள், ஒவ்வொன்றும் 28 மில்லிமீட்டருக்கு மேல். புதுத் தகடு செய்து விற்கிறார்கள். வாங்கிப் போட்டால் ஒரு மணி நேர வேலை. நான் பழையதையே வைத்துக்கொள்ள விரும்பினேன். அதே தடிமனுள்ள இரும்புத் தகட்டில் வட்டங்கள் வெட்டி, துளைக்குள் வைத்து, நான்கு இடத்தில் மட்டும் புள்ளியாக வெல்டிங் வைக்கச் சொன்னேன். சுற்றிலும் ஒரே மூச்சில் வைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். பிறகு மேற்பக்கம் சமமாக அராவி, வாகனங்களுக்குப் பூசுகிற பட்டியை மெல்லியதாகப் பூசித் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே அச்சிட்ட உறையை ஒட்டினேன். அடிப்பக்கத்தைத் தேய்க்கவில்லை. கீழிருந்து பார்த்தால் பன்னிரண்டு வட்டங்களும் தெரியும். இந்தத் தகடு என்னென்ன பார்த்தது என்று அடுத்தவருக்கும் தெரியட்டும்.

ஜாய்ஸ்டிக் நான்கு திசை வகையாகவே இருக்க வேண்டும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கைப் போட்டுவிட்டு, மூலையில் திரும்பமாட்டேன் என்கிறதே என்று போர்டைக் குறை சொல்பவர்கள் ஏராளம். பேக்-மேன் கோணலாகப் போகாது. குச்சி கோணலாக நின்றால் இரண்டு திசையும் ஒன்றாக அழுந்தி அது குழம்பும்.

உள்ளே இருப்பவை லீஃப் சுவிட்சுகள்: இரண்டு மெல்லிய உலோக இதழ்கள், நுனியில் கடுகளவு தொடுபுள்ளி. பின்னாளில் வந்த மைக்ரோ சுவிட்ச் "கிளிக்" என்று சத்தம் போடும். லீஃப் சத்தமில்லாமல் வேலை செய்யும். விரலுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும். இவற்றைச் சுத்தம் செய்ய விசிட்டிங் கார்டிலிருந்து விரல் அகலத்தில் பாதிக்கு ஒரு கீற்று வெட்டிக்கொள்ளுங்கள். நுனியை ஆல்கஹாலில் தொட்டு, இரு புள்ளிகளுக்கும் நடுவில் நுழைத்து, இதழ்களை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு மெல்ல உருவுங்கள். கீற்றில் ஒரு கறுப்புக் கோடு விழும். புது இடத்தில் வைத்து மறுபடி உருவுங்கள். எனக்கு ஆறாவது கீற்றில்தான் கோடு மறைந்தது. அதன் பிறகு, குச்சி பாதி தூரம் சாயும்போதே புள்ளிகள் தொடும்படி வெளி இதழை மூக்குக் குறடால் அடியில் பிடித்து மயிரிழை வளையுங்கள். நுனியில் பிடித்து வளைத்தால் ஒடியும்.

உடம்பு

கறுப்புத் தாளை உரிக்கும் முன் பெட்டியைச் சுவரோரம் நிறுத்தி, விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கப் பலகையோடு ஒட்டிப் பிடித்து ஒளியை நெடுக ஓட்டினேன். தாளுக்கடியில் மேடு பள்ளமாக ஒரு வளைவு தெரிந்தது. வண்ணத்தின் விளிம்பு. அசல் ஓவியம் உள்ளே உயிரோடு இருந்தது.

வினைல் தாளுக்கு ஹேர் டிரையர் போதும். ஒரு மூலையைச் சூடாக்கி, உள்ளங்கை அகலத்துக்குக் கிளப்பி, தன்மேலேயே மடங்கும்படி தாழ்வாக இழுங்கள். நேராக உங்களை நோக்கி இழுத்தால் அடியிலுள்ள வண்ணத்தையும் கூட்டிக்கொண்டு வரும். தாளுக்கு அடியில் இன்னொரு கறுப்பு இருந்தது, தண்ணீரில் கலக்கும் வகை பெயின்ட். அந்த வகையை ஆல்கஹால் இளக்கும். அதற்கு அடியிலிருக்கும் பழைய எனாமலை அவ்வளவு சீக்கிரம் தொடாது. கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள்.

அன்று அக்கா மகன் உதவிக்கு வந்திருந்தான். நனைத்த துணியை ஓரிடத்தில் இரண்டு நிமிடம் ஒத்தி வைத்துவிட்டு எடுத்தான்.

"மாமா, மஞ்சள்!"

"தேய்க்காதே. ஒற்றி எடு."

"கறுப்பு இன்னும் இருக்கிறதே."

"இருக்கட்டும். நாளைக்கும் அது அங்கேதான் இருக்கும். மஞ்சள் போனால் வராது."

ஒரு பக்கத்துக்கு எங்களுக்கு நான்கு நாள் பிடித்தது. இரண்டாவது பக்கத்தில், அவன் இல்லாத ஒரு மாலையில், எனக்கே பொறுமை போய் உப்புத்தாளை எடுத்தேன். கட்டைவிரல் அளவில் மரம் வெளுத்துத் தெரிந்தது. இருபது நொடி வேலை. அந்த இடம் இன்றும் எனக்கு மட்டும் தெரியும்.

விட்டுப்போன இடங்களுக்கு வண்ணம் கலக்கும்போது எந்த மஞ்சளைப் பார்த்துக் கலப்பது? விளிம்பில் ஓடும் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியிலும், காசுக் கதவின் சட்டத்துக்கு அடியிலும் ஒளி படாத மஞ்சள் இருக்கும். அதுதான் 1980-இன் மஞ்சள். முழுப் பலகையையும் அடிப்பதானால் அதைப் பின்பற்றுங்கள். திட்டுத் திட்டாகச் சரிசெய்வதானால் மங்கிய மஞ்சளைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட சட்டை போல இருக்கும். அசல் ஓவியம் ஸ்டென்சில் வழியாக அடித்தது. அழிந்த பகுதியை வரையும் முன், நன்றாக இருக்கிற பகுதியின்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து விளிம்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். என் பெட்டியில் ஓரிடத்தில் ஒரு நிறம் இன்னொன்றின்மேல் மில்லிமீட்டர் கணக்கில் ஏறியிருந்தது, விளிம்பில் கொஞ்சம் புகைபோலத் தெளித்தும் இருந்தது. தொழிற்சாலையில் அவசரமாக அடித்தவருடைய கை அது. அதைத் திருத்தவில்லை.

அடிப்பாகம் தண்ணீர் குடித்து உப்பியிருந்தால், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையானால் பொருபொருவென்று உதிரும். உதிர்வதைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, நீர்த்த எபாக்சியைக் குடிக்கும் மட்டும் கொடுத்து, கெட்டியான பிறகு பட்டியால் வடிவம் கொடுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் போயிருந்தால் வெட்டி எடுத்துப் புதுப் பலகை ஒட்டுவதுதான் முறை. அதைத் தச்சரிடம் விட்டேன். விளிம்புப் பட்டையைப் புதிதாகப் போடும்போது சுத்தியல் ரப்பராக இருக்கட்டும், வளைவுகளில் பட்டையின் முதுகுத்தண்டில் சிறு வெட்டுகள் கொடுங்கள்.

முகப்புக் கண்ணாடிக்கு ஒரே எச்சரிக்கை: பின்பக்க அச்சை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். செதிலாகக் கிளம்பி நிற்கும் பெயின்ட் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். காசுக் கதவின் துருவை நீக்கிக் கறுப்பு அடிப்பது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் முறை மின்சாரம்

எல்லாவற்றையும் மாட்டி ஒரேயடியாகச் சுவிட்சைப் போடாதீர்கள். டிவிக்காரர்களின் பழைய துணை, தொடரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்ப். பெட்டியின் மின்சாரம் அதன் வழியே போகட்டும். முதலில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். பல்ப் ஒரு முறை மினுக்கிவிட்டு மங்கினால் நல்லது. முழு ஒளியில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் முனைகளில் வோல்ட்டை அளந்து கையேட்டோடு சரிபாருங்கள். பிறகு போர்டு. சிப்பின் கால்களிலேயே அளந்தால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், 4.8-க்குக் கீழே போனால் போர்டு பித்துப் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும். கடைசியாக மானிட்டர்.

நல்ல பேக்-மேன் போர்டு கண்விழிக்கும்போது திரை முழுக்கக் கன்னாபின்னாவென்று எழுத்துகள் வரும், பிறகு ஒரு கட்டக்கோடு மின்னும், பிறகு பேய்களின் பெயர்ப்பட்டியல். கன்னாபின்னா எழுத்தோடு நின்று மறுபடி மறுபடி அதையே செய்தால் நிரல் ஓடவில்லை, காவல் சுற்று போர்டை எழுப்பி எழுப்பி விடுகிறது என்று பொருள். சிப்களையும் 5 வோல்ட்டையும் மறுபடி பாருங்கள். நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் பயப்படாதீர்கள். டியூபைத் தொண்ணூறு டிகிரி திருப்பியிருக்கிறோம், பூமியின் காந்தத்துக்கு அது இந்த நிலையில் இன்னும் பழகவில்லை. ஒட்டிய காந்தத்தைக் கலைக்கும் டீகாசிங் காயிலைத் திரைக்கு முன் வட்டமாகச் சுற்றி, சுற்றியபடியே இரண்டு மீட்டர் பின்னால் நகர்ந்து, அதன் பிறகு அணையுங்கள். திரைக்கு அருகிலேயே அணைத்தால் முன்பைவிட மோசமாகும்.

போர்டிலுள்ள சிறு சுவிட்சுகளில் உயிர்களின் எண்ணிக்கையை 1, 2, 3, 5 என்று வைக்கலாம். கூடுதல் உயிரை 10,000, 15,000, 20,000 புள்ளிகளில் தரச் சொல்லலாம், தராமலும் இருக்கச் சொல்லலாம். நான் மூன்று உயிர், 10,000 என்று வைத்தேன். அக்கா மகன் ஐந்து கேட்டான், கிடைக்கவில்லை.

பின்கதவைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, 44 முனைக் கனெக்டரின் பிளாஸ்டிக் உறையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பானால் சரி, கை எடுக்க வைத்தால் எங்கோ முனை இறுகவில்லை. எனக்கு முதல் தடவை கை எடுக்க வைத்தது. ஒரு முனையைத் திரும்ப இறுக்கி, மறுபடி இரண்டு மணி நேரம் ஓட்டினேன். வெட்டிய வயர்களை எங்கெங்கே சேர்த்தேன் என்ற பட்டியலையும், மிஸ் பேக்-மேன் ஒட்டையும் அதன் இரண்டு சிப்களையும் ஒரு உறையில் போட்டு, காசுப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.